வாசலில் கொட்டிய கஞ்சி

சப்பான்காரன் ஆண்ட மூன்றாம் வருஷம், ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கிற மாதத்தில், என் மனைவி ஞானம்மாளின் கால்கள் வீங்கத் தொடங்கின. முதலில் கணுக்கால். ஒரு வாரத்தில் முழங்கால். விரலால் அழுத்தினால் குழி விழும். நான் பரமண்டல ஜெபத்தை முழுவதும் சொல்லி முடித்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருக்கும்.

அன்பான சகோதர சகோதரிகளே, அந்த நாட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்கிறேன். மலாயாவில், பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. வெள்ளைக்காரன் காலத்தில் கங்காணியாக இருந்தவன். சப்பான்காரன் வந்தபின் ரப்பர் பால்வெட்டு நின்றுபோனது. மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டோம். காலையில் கிழங்கு, மாலையில் கிழங்கு. எங்கள் ஒரே மகனைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு சேதியும் இல்லை. வீட்டில் மிச்சம் நாங்கள் இரண்டு பேர். இவளும் போய்விட்டால் நான் யாருக்காகக் கிழங்கு பிடுங்குவேன்?

ஜெபித்தேன். விடிந்ததும் ஜெபம், அடுப்பு மூட்டும்போது ஜெபம், மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டே ஜெபம். ஆண்டவர் கேட்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை.

இங்கே என் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு குடியிருப்பு வரிசைகள். நாங்கள் மேல் லயம். கீழ் லயத்துச் சனங்களோடு நாங்கள் தண்ணி புழங்க மாட்டோம். அவர்கள் வீட்டில் உட்கார மாட்டோம், அவர்கள் சமைத்ததைத் தொட மாட்டோம். இரண்டு லயத்திலும் கிறிஸ்தவர்கள் இருந்தோம். ஒரே சிற்றாலயம், ஒரே பாட்டு. ஆனால் அவர்களுக்குக் கடைசிப் பாய்.

யுத்தத்துக்கு முன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்டர் வந்து திருவிருந்து கொடுப்பார். எல்லோருக்கும் ஒரே பாத்திரம். அவர்கள் வாய் வைப்பதற்கு முன்னால் குடித்துவிட வேண்டும் என்று நான் எப்போதும் முதல் ஆளாக எழுந்து போவேன். எங்கள் உபதேசியார் ஒருமுறை எல்லோரும் கேட்கச் சொன்னார்: "மெதுவாப் போங்க கங்காணியாரே, ஆண்டவர் தீர்ந்துட மாட்டாரு." சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த முறையும் முதல் ஆளாகத்தான் போனேன்.

கீழ் லயத்தில் எஸ்தர் என்று ஒருத்தி. நாற்பது வயதிருக்கும். அவள் புருஷனும் சயாமுக்குப் போனவன்தான். இரண்டு பிள்ளைகள். ஞானம்மாளுக்குக் கால் வீங்கிய செய்தி கேட்டு ஒரு புதன்கிழமை காலையில் வந்தாள். கையில் இலை போட்டு மூடிய ஒரு தகரக் குவளை.

"ஐயா, அக்காவுக்குக் கொஞ்சம் கஞ்சி. சூடா இருக்கு."

"இப்பதான் சாப்பிட்டோம்."

"சாப்பிட்டா என்ன, வச்சிருந்து பொறவு குடிக்கட்டுமே."

"படியில வை."

வைத்துவிட்டுப் போனாள். அன்று காலையிலிருந்து நாங்கள் ஒன்றுமே சாப்பிட்டிருக்கவில்லை. அவள் ஓடையைத் தாண்டும் வரை காத்திருந்தேன். பிறகு இலையை எடுக்காமலே குவளையைச் சாய்த்து, கஞ்சியை வாசல் ஓரத்தில் கொட்டினேன். லயத்து நாய் ஒன்று வந்து நக்கிவிட்டுப் போனது. குவளையைக் கழுவிப் படியில் கவிழ்த்து வைத்தேன். என் மனதில் கோபமும் இல்லை, வெறுப்பும் இல்லை. கை தானாகப் போனது. ஒரு பழக்கம் நம்மை எப்படிப் பிடித்திருக்கிறது என்பது நமக்கே தெரியாது.

சனிக்கிழமை மறுபடியும் வந்தாள். கவிழ்த்திருந்த பழைய குவளையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என் குவளை இவ்வளவு சுத்தமா இருந்ததே இல்ல ஐயா," என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

புதிய குவளையை வைத்துவிட்டுப் போனாள். அதையும் கொட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வீக்கம் தொடைக்கு ஏறிவிட்டது. ஞானம்மாளால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி வாயால் மூச்சு வாங்கினாள். நான் ஓடிப்போய்த் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசரை அழைத்து வந்தேன். அவர் ஒரு மலையாளி, கைராசிக்காரர். அவள் காலை அழுத்திப் பார்த்தார், நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். என்னை வெளியே கூப்பிட்டார்.

"பெரிபெரி நோய். நெஞ்சுக்கு ஏறிக்கிட்டு இருக்கு, கங்காணியாரே."

"மருந்து குடுங்க."

"எங்க இருக்கு மருந்து? அலமாரியில கரப்பான்பூச்சி இருந்துச்சு. அதுவும் பட்டினி தாங்காம போயிருச்சு." மறுபடி உள்ளே எட்டி அவளைப் பார்த்தார். "தவிடு கிடைக்குமான்னு பாருங்க. நெல்லுத் தவிடு. கஞ்சி காச்சிக் குடுத்தாப் பிழைக்க வழி உண்டு. இன்னும் ரெண்டு மூணு நாள்தான் பாத்துக்குங்க."

அப்போதே பாடாங் செராய்க்கு நடந்தேன். கடைத்தெருவில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. எனக்குத் தெரிந்த சீனக் கடைக்காரத் தவுக்கே ஒருவர், முன்பு மூட்டை மூட்டையாய் அரிசி விற்றவர், வெறும் கடையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். தவிடு என்றதும் கையை விரித்தார். "ஹாபிஸ் லா. எல்லாம் தீந்துபோச்சு. தவிடு இப்ப சப்பான்காரன் குதிரைக்கு. நானும் குதிரையாப் பொறந்திருக்கலாம்." வழியில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோர் வாசலிலும் நின்று கேட்டேன். மனிதனுக்கே இல்லாதபோது தவிட்டை யார் வைத்திருப்பார்கள்?

வெறுங்கையோடு திரும்பினேன். தோட்ட எல்லைக்கு வந்ததும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். இலையெல்லாம் உதிர்ந்து மரங்கள் குச்சி குச்சியாய் நின்றன. நிழலே இல்லை. அங்கே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். "ஆண்டவரே, அரிசி கேட்கவில்லை. மருந்து கேட்கவில்லை. மகனைக்கூட இன்றைக்குக் கேட்கவில்லை. ஒரு பிடி தவிடு கொடும். குதிரை தின்கிறதை என் பெண்சாதிக்குக் கொடும்." எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. காய்ந்த இலைகள் காற்றில் உருண்டன. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஞானம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஊரெல்லாம் அலஞ்சுட்டேன். ஒரு பிடி தவிடு கிடைக்கல," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று மூச்சு வாங்கிப் பேசினாள்.

"எஸ்தர் கொண்டாந்தது தவிட்டுக் கஞ்சிதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வாசந்தான். அவ கம்பத்து ஊருல மலாய்க்காரங்களுக்கு நெல்லு குத்தப் போறா. தவிடுதான் அவளுக்குக் கூலி."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சாப்பிட்டோம்னு நீங்க சொல்லிட்டீங்க. உங்கள நான் எப்படிப் பொய்யனாக்குறது?"

சகோதரரே, அந்த நேரத்தில் எனக்கு இருந்த நிலைமையை என்னால் எழுத முடியவில்லை. என் ஜெபத்துக்குப் பதில் புதன்கிழமையே வந்திருந்தது, சூடாக, இலை போட்டு மூடி. சனிக்கிழமை மறுபடியும் வந்தது. நான் அதை நாய்க்குக் கொட்டிவிட்டு, ஆண்டவர் கேட்கவில்லை என்று மரத்தடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

எழுந்து ஓடையைத் தாண்டினேன். இருபத்தாறு வருஷமாக அந்தக் கீழ் லயத்துக்குப் போயிருக்கிறேன், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிட. வாசலில் நின்று கத்துவேன், திரும்பிவிடுவேன். எந்த வீட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை.

எஸ்தர் முறத்தில் தவிடு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழவில்லை.

"எஸ்தரு, கொஞ்சம் தவிடு வேணும்."

"குடுக்க மாட்டேன் ஐயா."

எனக்கு உயிர் போய் வந்தது. அவள் முறத்தைத் தட்டிக்கொண்டே பேசினாள். "ரெண்டு தடவ நாய் குடிச்சிருச்சு. நான் ஓடைக்கு அந்தாண்ட நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எம்புள்ளைங்க வயித்துல இருந்து எடுத்துக் கொண்டாந்தது."

"பாத்தும் ஏன் ரெண்டாவது தடவ கொண்டு வந்தே?"

"அக்காவுக்குல்ல கொண்டாந்தேன். உங்களுக்கா கொண்டாந்தேன்?"

வாசலிலேயே மண்டியிட்டேன். கங்காணி மண்டியிட்டதைப் பார்த்து அக்கம்பக்கத்துச் சனங்கள் வந்து கூடினார்கள். எஸ்தர் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்ட மண்டி போட்டு என்ன ஆவப்போவுது? உள்ள வந்து உக்காருங்க. நீங்க தொடாதத அக்கா தொட மாட்டாங்க. முதல்ல நீங்க குடிங்க. நான் பாக்கணும்."

உள்ளே போனேன். ஒரு சாக்கை விரித்தாள், உட்கார்ந்தேன். அடுப்பில் இருந்த பானையிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கையில் கொடுத்தாள். பழுப்பாக, கெட்டியாக இருந்தது. வாயருகே கொண்டுபோனேன். நம்புங்கள், என் மனைவி செத்துக்கொண்டிருக்கிறாள், அப்போதும் என் தொண்டை அடைத்துக்கொண்டது. ஐம்பத்தெட்டு வருஷம் அங்கே வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது. கஞ்சி வேட்டியில் சிந்தியது. எஸ்தர் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கண்ணை மூடினேன். "ஆண்டவரே, விழுங்க வையும்." என் வாழ்நாளில் நான் செய்த ஜெபங்களிலேயே சின்னது அதுதான். சொல்லி முடித்ததும் தொண்டை திறந்தது. விழுங்கினேன். உமி குத்தியது, உப்பு கரித்தது. சிரட்டையைக் காலி செய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்று என்று நீட்டினேன்.

"போதும், போதும். அக்காவுக்கு வேணாமா?" என்றாள் எஸ்தர். அப்போதுதான் அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

பானையைத் தூக்கிக்கொண்டு அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஞானம்மாளின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு வாய் வாயாக ஊட்டினாள். என் மனைவியும் இதற்குத்தான் காத்திருந்தவள் மாதிரிக் குடித்தாள்.

உடனே குணமாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். இரண்டு நாள் ஒரு மாற்றமும் இல்லை. பிந்திவிட்டேன், நான் கொட்டிய இரண்டு குவளைதான் இவள் உயிர் என்று தலையில் அடித்துக்கொண்டேன். டிரசர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எஸ்தர் மட்டும் தினம் வந்தாள். நான்காம் நாள் ஞானம்மாளின் மூச்சிரைப்பு கொஞ்சம் தணிந்தது. ஐந்தாம் நாள் விடிந்ததும் அவள் காலை அழுத்தினேன். ஜெபம் பாதி சொல்வதற்குள் குழி நிரம்பிவிட்டது. நான் மீதி ஜெபத்தைச் சொல்லவில்லை, அழுதுவிட்டேன். மாதம் முடிவதற்குள் ஞானம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அந்தப் பழக்கம் ஒரே நாளில் என்னை விட்டுப் போனது என்றும் சொல்ல மாட்டேன். எஸ்தர் போனபின் அவள் குடித்த சிரட்டையை இரண்டாம் முறை கழுவக் கை நீளும். அப்போதெல்லாம் நின்று, "ஆண்டவரே, இந்தக் கையைப் பிடியும்" என்பேன். ஞாயிறுதோறும் கீழ் லயத்தில் ஏதாவது ஒரு வீட்டில் போய் உட்கார்ந்து, அவர்களிடம் இருப்பது தண்ணியே ஆனாலும் வாங்கிக் குடித்தேன். என் லயத்துக்காரர்கள் சிலர் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். பரவாயில்லை. வயதான கட்டை வளையாது என்று நினைத்துத்தான் நானே இருந்தேன். வளைகிறது. வலிக்கிறது, ஆனால் வளைகிறது.

எஸ்தர் என்னை ஐயா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணேன்னு கூப்பிடு," என்றேன் ஒரு நாள். "உங்களுக்கு ஒரு பழக்கத்த விட ஐம்பத்தெட்டு வருஷம் ஆச்சு. எனக்கும் கொஞ்சம் தவணை குடுங்க ஐயா," என்றாள். சப்பான்காரன் சரணடைந்த வருஷம்தான் அவள் வாயில் அண்ணே வந்தது.

எங்கள் மகன் திரும்பி வரவில்லை. எஸ்தரின் புருஷனும் வரவில்லை. அந்த ஜெபங்களுக்கு ஆண்டவர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஞானம்மாள் இன்று என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுதுவதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது, ஜெபித்து ஜெபித்துப் பதில் வரவில்லை என்று சோர்ந்திருக்கலாம். ஆண்டவரை நம்புங்கள். அவர் யார் கையில் கொடுத்து அனுப்புவார் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். எனக்கு வயது ஏறிவிட்டது, பல்லும் அவ்வளவாக இல்லை. ஆனாலும் உங்கள் வீட்டில் ஜெபம் என்றால் சொல்லி அனுப்புங்கள். எந்த லயம், எந்த வீடு என்று கேட்க மாட்டேன். வருகிறேன், ஜெபிக்கிறேன், சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.