கேஜுக்குப் பூசிய சந்தனம்

ராஜகுருவுக்கு மேனேஜர் நாற்காலி மேல் ஒரு கண். 1988இல், அருப்புக்கோட்டையில் நாங்கள் வேலை பார்த்த லேத்துப் பட்டறைக்குச் செக்கிங் பார்க்க வந்தார். அதற்கு முன் ஆறு மாதம் கோயம்புத்தூரில் இருந்தாராம். அந்த ஆறு மாதத்தைப் பேசியே எங்கள் காது புளித்தது.

விசைத்தறிக்கு இரும்பு ஆணி கடைவதுதான் எங்கள் வேலை. மூட்டைக்கு நாலைந்து ஆணியை எடுத்து, மூலையில் கிடந்த பழைய தறியின் இரும்புத் துண்டில் செருகிப் பார்த்து அனுப்பிவிடுவோம். ராஜகுரு சிரித்தார்.

"இதென்ன சோத்துப் பானையா, ஒண்ணை நசுக்கிப் பாத்து எறக்குறதுக்கு?"

தறித் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, முதலாளி சங்கரபாண்டியனிடம் சொல்லி ஒரு கேஜு வாங்க வைத்தார். இரண்டு துளை உள்ள எஃகுத் தகடு. ஆணி பெரிய துளையில் நுழைய வேண்டும், சின்னதில் நுழையக் கூடாது. ஒவ்வொரு ஆணியையும் அவரே பார்ப்பார். நல்ல முறைதான். பார்க்கிறவரைச் சோதிக்கத்தான் கேஜு இல்லை.

"சென்னய்யா லோடு திரும்பாம இருந்தா, நீங்கதான் மேனேஜர்" என்றார் முதலாளி. சென்னய்யா பெரிய தறிக்கூடம் வைத்திருப்பவர். ராஜகுரு அன்றே மாமியார் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆயுத பூசை வந்தது. நாங்கள் மிஷினுக்குப் பொட்டு வைத்தோம். அவர் கேஜு முழுக்கச் சந்தனத்தை அப்பினார். மறுநாள் துடைக்கப் போன, பட்டறை கூட்டும் ஒச்சம்மாளை அதட்டினார்.

"சாமி சந்தனம். அதுவா உதிரணும்."

அதன்பின் கூடை கூடையாக ஆணி கழிந்தது. "இன்னும் எளைச்சுக் கடைங்க" என்று லேத்து மாரிச்சாமியை விரட்டினார். கழித்ததையெல்லாம் பந்தல்குடி பழைய இரும்புக் கடைக்கு ஏற்றினார். இளைத்த ஆணிகள் சென்னய்யாவுக்குப் போயின.

சென்னய்யா மூட்டையோடு வந்து இறங்கினார். "தறியில மாட்டுனா ஊஞ்சலாடுதுய்யா."

ராஜகுரு பெருமையாகக் கேஜை நீட்டினார். சென்னய்யா துளைக்குள் நகத்தை விட்டுச் சுரண்டினார். காய்ந்து துளையைச் சிறுக்க வைத்திருந்த சந்தனம் கட்டியாக விழுந்தது. மோந்து பார்த்தார்.

"கேஜு நல்லா மணக்குதே தம்பி."

"தொடாதீக அண்ணாச்சி" என்றாள் ஒச்சம்மாள். "சாமி குத்தமாயிரும்."

முதலாளி சிரிக்கவில்லை. நல்ல ஆணிகளெல்லாம் பந்தல்குடி வழியாகப் போய் உருகியிருக்கும். மேனேஜர் நாற்காலியில் முதலாளியின் மச்சினன் வந்து உட்கார்ந்தான்.

ராஜகுரு இப்போது பாலவனத்தத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அங்கும் ஆயுத பூசைக்குத் தராசுக்குச் சந்தனம் பூசுகிறார். சரக்கு வைக்கும் தட்டுக்கு, அடிப்பக்கத்தில், நல்ல தடிமனாக. அதுவாகத்தான் உதிர வேண்டுமாம்.