தூரத்து மலைப் பிள்ளைகள்

பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாரியாயி இருபத்திரண்டு வருடம் பிள்ளைக்காம்பரா பார்த்தாள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுப் போவார்கள். பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரித்துப் போடச் சொல்லி ஆபீஸ் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவள் அதைத் திரும்பியும் பார்த்ததில்லை. விடிந்ததும் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய், அன்றைக்கு எவளை எந்த மலைக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டு வருவாள். தூரத்து மலைக்காரிகளின் பிள்ளைகளுக்கு முதல் கஞ்சி. கிட்டத்து மலைக்காரிகள் பத்து மணிக்கு ஓடிவந்து பால் கொடுத்துவிடுவார்கள்.

"வயசுப்படி போட்டா என்னம்மா?" ஒரே மகள் சுதர்ஷினி ஒருமுறை கேட்டாள்.

"வயசு பாத்தாடி பசிக்குது? ஆத்தாக்காரி எந்த மலையில நிக்கிறாளோ, அதப் பொறுத்துத்தான் பசி. கம்பஸ் போயி என்னத்தடி படிச்ச?"

மாரியாயி இறந்த பதினோராம் நாள், சுதர்ஷினி லயத்து வரிசையில் அம்மாவின் வீட்டில் மடிக்கணினியைத் திறந்தாள். கொழும்புக் கம்பனியில், வீட்டிலிருந்தே பார்க்கும் புராடக்ட் மேனேஜர் வேலைக்கு இரண்டாவது நேர்முகம். வேலை கிடைத்தால் பதுளையில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து அம்மாவைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். வீடும் பார்த்து வைத்திருந்தாள்.

"பெத்தவளுக்கு இன்னும் கருமாதி முடியல. பொட்டிகிட்டப் பேசப் போறாளாம்," என்றாள் சித்தி, வாசலில் நின்று.

"விடு தாயி," என்றார் பக்கத்து வீட்டு வீரய்யா. "இந்த வேலைக்காகத்தான் அந்தப் பொம்பள வாயத் தொறக்காமப் போனா."

உண்மைதான். மாரியாயியிடம் போன் இல்லை. பிரஷர் கிளினிக்கில் மகளின் நம்பரைக் கொடுத்திருந்தாள். இந்த மாதக் கிளினிக் ஒரு நாள் முன்னதாக நடக்கும் என்று குறுஞ்செய்தி வந்தபோது சுதர்ஷினி கொழும்பில் முதல் நேர்முகத்துக்குக் காத்திருந்தாள். முடிந்ததும் வீரய்யாவுக்குப் போன் அடித்துச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறந்தாள். மாரியாயி அட்டையிலிருந்த திகதிக்குப் போய், மாத்திரையில்லாமல் திரும்பினாள். "அவளுக்குச் சொல்லாதீங்கண்ணே. இன்டர்வியூவுக்கு ஓடுற புள்ள," என்று வீரய்யாவிடம் சொன்னாளாம். மாத்திரை இல்லாத ஒன்பதாம் நாள், பிள்ளைக்காம்பராவில் கஞ்சிச் சட்டியோடு விழுந்தவள் எழவில்லை.

திரையில் சேந்தன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கம்பனியில் மூத்தவர்.

"விரும்பின ஒரு சேவையைச் சொல்லுங்கோ. அதின்ர பாவனையாளர்கள் ஆர், அவையை எப்பிடிப் பிரிப்பீங்கள்?"

வயது, வருமானம், ஊர் என்று மூன்று வாரம் பயிற்சி எடுத்த பதில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் போதும்.

"கிளினிக் நினைவூட்டல் செய்தி," என்றாள். "வயசுப்படி பிரிக்க மாட்டேங்க. நோயாளிக்கும் போனுக்கும் எவ்வளவு தூரம்னு பாப்பேன். போன் கையில இருக்கிறவங்க. வீட்டுல இன்னொருத்தர்கிட்ட இருக்கிறவங்க. போன் வேற ஊருல இருக்கிறவங்க. கடைசியா சொன்னவங்களுக்குத்தான் முதல்ல செய்வேன்."

"அப்பிடியானவை கொஞ்சப் பேர்தானே?"

"எனக்கு ஒருத்தங்களத் தெரியும்."

"நல்லது. அவவோட கதைச்சனீங்களோ? என்ன சொன்னவ?"



"கதைக்கலைங்க," என்றாள். "கதைச்சிருக்கணும்."

கருமாதியன்று மின்னஞ்சல் வந்தது. வேலை கிடைத்திருந்தது. சுதர்ஷினி வெளியே வந்து பதுளை வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தாள். வீடு வேண்டாம் என்றாள்.