தேடலில் வராத கிளினிக்

நாவலூர் அலுவலகத்தில் பத்து வருடமாக எனக்கு ஒரே வேலைதான். அடுத்தவர்களின் வலைத்தளங்களைத் தேடுபொறிகளில் முன்னால் கொண்டுவருவது. அக்காவின் வலைத்தளத்தை மட்டும் கோட்டைவிட்டேன்.

அக்கா பிசியோதெரபிஸ்ட். தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் பல வருடம் மாடாய் உழைத்துவிட்டு, வேலையை விட்டு, முடிச்சூரில் சொந்தமாகக் கிளினிக் வைத்தாள். சுற்றிலும் புது அடுக்குமாடிகள். அங்கே குடிவந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரரையே தெரியாது. பல்வலி என்றாலும் குழாய் ஒழுகினாலும் கைப்பேசியில்தான் தேடுவார்கள். அந்தத் தேடலில் வந்தால் கிளினிக் பிழைக்கும், வராவிட்டால் மூட வேண்டியதுதான். அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினாள். நானும் பெருமையாக ஏற்றுக்கொண்டேன்.

தளம் தயாரானபோது ஆடி மாதம்.

"ஆவணி பொறக்கட்டும்டா. அதுவரைக்கும் யார் கண்ணுலயும் பட வேணாம்" என்றாள். எவ்வளவு படித்திருந்தாலும் எங்கள் வீட்டில் ஆடி என்றால் ஆடிதான்.

ஆவணியின் முதல் முகூர்த்தத்தில் வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். அதன்பின் அக்கா தினமும் தேடிப் பார்த்தாள். எங்கெங்கோ இருக்கும் கிளினிக்குகள் எல்லாம் வந்தன, அவளுடையது வரவில்லை. புரட்டாசி போயிற்று. ஐப்பசி மழையில் தெருவில் தண்ணீர் நின்றது. நான் போகும்போதெல்லாம் வெள்ளைக் கோட்டுடன் தனியாக உட்கார்ந்து, மடித்த துண்டுகளையே மறுபடி மடித்துக்கொண்டிருப்பாள்.

"இன்னும் வரலையேடா."

"புது சைட்னா டைம் எடுக்கும்கா. நீ டென்ஷன் ஆகாத."

முகவரியை அடித்தால் தளம் திறந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது. வெளியாள் ஒருவர் கேட்டிருந்தால் அன்றைக்கே முழுக்கச் சோதித்திருப்பேன். அக்காதானே என்ற அலட்சியம். வேறென்ன சொல்ல.

கார்த்திகைக் கடைசியில் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்துவிட்டாள். பழைய மருத்துவமனையிலேயே மறுபடி சேர்ந்தாள், முன்பு அவளிடம் பயிற்சிக்கு வந்த பெண்ணுக்குக் கீழே.

தளத்தை நீக்கிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அமைப்புகள் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் இருந்தது. இந்தத் தளத்தைப் பட்டியலில் சேர்க்காதே என்று தேடுபொறிகளிடம் சொல்லும் கட்டம். ஆடி முடியும்வரை யாரும் பார்க்கக் கூடாது என்று அக்கா சொன்னதற்காக நானே போட்டது. ஆவணியில் எடுக்க மறந்திருக்கிறேன்.

காரணம் இதுதானா என்று தெரியாமல் இருக்க முடியவில்லை. டிக்கை எடுத்தேன். அடுத்த வாரமே முதல் பக்கத்தில் வந்து நின்றது. அப்போதும் அதை நீக்க மனம் வரவில்லை.

அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பொங்கலன்று அவள் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய கைப்பேசி அடித்தது. பீர்க்கன்கரணையிலிருந்து யாரோ, அம்மாவின் முழங்கால் வலிக்காகக் கேட்டார்.

"கிளினிக் க்ளோஸ் பண்ணிட்டேன் சார். சாரி."

அந்த வாரத்தில் அது நாலாவது அழைப்பாம். கைப்பேசியை வைத்துவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தாள்.

"நீ சொன்ன மாதிரியே டைம் எடுத்துதான் வந்திருக்குடா. நான்தான் அவசரப்பட்டு மூடிட்டேன்."

"ஆமாக்கா" என்றேன்.