மணிக்கூண்டுக்காக எழுதிய மனு

மணிக்கூண்டின் பாதிப் படியில் முழங்காலைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்த அந்த வெள்ளிக்கிழமைக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. "என்ன தம்பி பாக்குறீக? எங்க ஐயா ஊருக்குக் கடியாரத்தைக் குடுத்தாரு. கடியாரத்துக்கு எங்களைக் குடுத்துட்டாரு" என்று சிரித்தார்.

இரும்புக்கடை முதலாளி அவர். பர்மாவில் மர வியாபாரம் செய்த அவருடைய ஐயா, அதாவது பாட்டனார், காரைக்குடிக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு அந்த மணிக்கூண்டைக் கட்டிக் கொடுத்தார். வாரம் ஒருமுறை சாவி கொடுக்கும் பொறுப்பை மட்டும், கோயில் மண்டகப்படி மாதிரி, தம் வாரிசுகளுக்கென்று கல்லில் வெட்டி வைத்துவிட்டார். பங்காளிகள் எல்லாரும் வெளிநாடு போய்விட, மிஞ்சியவர் இவர் ஒருவர்தான். மனைவி இறந்தபின் கோயம்புத்தூரிலிருந்த ஒரே மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லி அழுதாள். போவார், ஆறாம் நாளே படியேறத் திரும்பிவிடுவார்.

சாவியைப் பேரூராட்சியே ஏற்கும்படி மனு எழுத, மணிக்கூண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த என்னிடம் வந்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். வெறும் இரண்டு வரி எழுத மனம் வரவில்லை. மூன்று தலைமுறையாக ஒரு வாரமும் தவறாத குடும்பம் என்றும், இக்கடிகாரத்தின் மூச்சறிந்தவர் வேறெவரும் இலர் என்றும் எழுதினேன். வாசித்துக் காட்டியபோது அவர் கண் கலங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பதில் வந்தது: வேறெவரும் அறியாத பணி என்று மனுதாரரே கூறுவதால், அக்குடும்பத்தாரே தொடர வேண்டியது.

"விடுங்க தம்பி. ரொம்ப நல்லா எழுதிப்புட்டீக. படிச்சா எனக்கே என்னைய விட மனசு வரலை" என்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுவாரத்திலிருந்து நான் ஏறினேன். "யாராச்சும் கேட்டா மகன் முறைன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் மகளிடம் போனார். இரண்டு வருஷம் பேரனோடு இருந்து, அங்கேயே கண்ணை மூடினார்.

இப்போது எனக்குத் தூத்துக்குடியில் அரசு வேலைக்கு உத்தரவு வந்திருக்கிறது. இனி யார் ஏறுவது என்று டீக்கடையில் கேட்டேன். "மகன் முறைன்னு நீங்கதானே சொன்னீக? மகன் எங்குட்டுப் போவாரு?" என்று எல்லாரும் சிரித்தார்கள். பேரூராட்சியில் மனு கேட்கிறார்கள்.

வேலையில் சேர இன்னும் ஐந்து நாள். என்னால் இயலாது என்று ஒரே ஒரு வரி எழுதத்தான் காலையில் உட்கார்ந்தேன். அவரைப் பற்றிச் சொல்லாமல் எப்படி முடிப்பது? இரண்டாம் பக்கம் போய்விட்டது.