ஹார்ட் டிஸ்க்கில் என் பாதி

பீளமேட்டில் நாங்கள் நடத்திய டைப்செட்டிங் கடையில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். என் கணவருக்குப் புதிதாக வந்த விண்டோஸ் வேண்டும். எனக்கோ பழைய டாஸில் ஓடும் தமிழ் சாஃப்ட்வேர்தான் கைவரும். வேறு எதிலும் ‘ழ’ எங்கே இருக்கிறதென்றே தெரியாது. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கறுப்புத் திரையில் கமாண்டாக அடித்து, ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, எந்தப் பாதியிலிருந்தும் கம்ப்யூட்டர் கிளம்பும்படி செய்துவிட்டார்.

ஆனால் ஒரு சமயத்தில் ஒரு பாதிதான் கிளம்பும். அடுத்தது எது என்று அணைப்பதற்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். அந்தக் கமாண்டை அடிக்க எனக்குப் பயம். ஒரு எண் மாறினால் மொத்தமும் போச்சு என்று அவரே மிரட்டியிருந்தார். காலையில் நான், மதியத்துக்கு மேல் அவர். மறுநாள் சுவிட்சைப் போட்டால் என் பாதி தயாராக வந்து நிற்கும்.

குழந்தை இல்லை என்பதில் ஆரம்பித்து எங்களுக்குள் பேச்சே நின்றுபோனது. அம்மா அந்தியூரிலிருந்து வந்து கூப்பிட்டாள்.

“அந்த மனுசன் உன்னைத் திரும்பியே பாக்கறதில்ல கண்ணு. நம்மூட்டுக்கு வந்துரு.”

நான் போகவில்லை. வீம்பு என்றாள். வீம்பெல்லாம் இல்லை. பேசாவிட்டால் என்ன, தினமும் கடை சாத்துமுன் எனக்காக உட்கார்ந்து மாற்றிவைக்கிறாரே, மனசில் ஒன்றும் இல்லாதவர் அதைச் செய்வாரா? அதை மட்டும் நம்பி ஒரு வருஷம் ஓட்டினேன்.

அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. தனியாகத்தான் போகிறேன் என்றார். கிளம்புகிற அன்று கேட்டேவிட்டேன்.

“ஏனுங்க, நான் வேண்டாம்னா, தினமும் எதுக்குங்க எனக்கு மாத்தி வெச்சுட்டுப் போனீங்க?”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் தெளிந்தது.

“அதா? அது நான் மாத்தறதில்ல அம்மணி. சாயங்காலம் பேக்கப் எடுக்கற பேட்ச் ஃபைல்லயே அந்தக் கமாண்டையும் எழுதிப்போட்டேன், பிரிச்ச வாரமே. அது தானா மாத்திக்கும். தினமும் ஆரு உக்காந்து அடிக்கறது? நான் இல்லாட்டியும் உன்ற பக்கந்தான் வரும், பயப்படாத.”

சரிங்க என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போனார். மதியமே கடையைப் பூட்டிவிட்டு அந்தியூர் பஸ் பிடித்தேன். அவிநாசி தாண்டியும் அழுகை நிற்கவில்லை.

“எழவு ஊட்டுக்குங்களா?” என்று கேட்டார் பக்கத்து சீட்டு அம்மா.

“ஆமாங்க” என்றேன்.