நசுங்காத தேசிக்காய்

ஊரில் போர் முடிந்த அந்தக் கோடையில் இங்கே கனடாவில் என் கணவர் ஒரு விமானம் வாங்கினார். வீடு வாங்கினார், கார் வாங்கினார் என்றால் சனம் ஒன்றும் சொல்லாது. விமானம் என்றதும் ரெக்ஸ்டேலில் இருந்து ஒஷாவா வரைக்கும் தொலைபேசி ஓயவில்லை. "மனிசனுக்குத் தட்டிட்டுதோ?" என்று என்னிடமே கேட்டார்கள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். இரண்டே பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம். வடக்கே காட்டு ஏரிகளுக்கு மீன் பிடிக்கப் போய்வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், முழங்கால் ஒத்துழைக்காததால் விற்றது. புல்லிலும் ஆற்று மணலிலும் இறங்குவதற்கென்று அதற்கு உடம்புக்குப் பொருந்தாத பெரிய, மெத்தென்ற ரயர்கள். யானைக்கால் வந்த தும்பி மாதிரி நிற்கும்.

என்றோ ஆசைக்கு விமானம் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்திருந்தவர், இரண்டாவது இருக்கை எனக்கென்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நானோ விமானச் சத்தம் கேட்டால் குண்டுக்குப் பயந்து பங்கர் குழிக்குள் பாய்ந்து வளர்ந்தவள். இங்கே வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் இருந்த காலத்தில், ஏரிக்கரையில் விமானச் சாகசம் காட்டும் நாட்களில் குளியலறையைப் பூட்டிக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருப்பேன். கனடாவுக்கு விமானத்தில்தானே வந்தாய் என்று கேட்பார்கள். அது உயரத்தில் போவது. தாழப் பறப்பதுதான் எனக்குப் பயம்.

அந்த வைகாசி முழுவதும் போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் இருவரும் டவுன்ரவுன் தெருக்களில் பதாகையோடு நின்றோம். எல்லாம் முடிந்த பிறகு அவர் பல நாள் பேசவில்லை. இந்த விமானத்தைக் கண்ட பிறகுதான் கறிக்கு உப்புக் குறைவென்று மறுபடி குறை சொல்லத் தொடங்கினார். அதனால் ஏறமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆடி பிறக்க முதல் நல்லநாள் பார்த்து, ஒஷாவாவுக்கு அப்பால் உள்ள புல்வெளித் தளத்துக்கு இரண்டு வான் நிறையச் சொந்தக்காரருடன் போனோம். பூசைக்குப் பொறுப்பு அவருடைய அக்கா, என் மச்சாள். புது வாகனம் எதுவானாலும் சக்கரத்தால் தேசிக்காயை நசுக்கித்தான் முதல் ஓட்டம். மச்சாள் விமானத்தின் மூக்கில் சந்தனப் பொட்டு வைத்து, இரண்டு பெரிய ரயர்களுக்கும் முன்னால் ஒவ்வொரு தேசிக்காய் வைத்தார்.

கணவர் ஏறி விமானத்தை மெல்ல உருட்டினார். ரயர்கள் ஏறி இறங்கின. மேலே ரயர் மெத்தை, கீழே புல் மெத்தை. தேசிக்காய்கள் படுத்து எழும்பியது போல முழுசாகக் கிடந்தன.

மச்சாள் நெஞ்சில் கை வைத்தார். "தம்பி, உது கூடாத சகுனம். இண்டைக்கு ஒருத்தரும் ஏற வேண்டாம்."

"அக்கா, உது காத்துக் குறைஞ்ச ரயர். நசுக்காது."

"நசுங்கேல்லை எண்டால் ஏறேலாது."

என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நான் சொல்ல வேண்டியதை மச்சாளே சொல்லிவிட்டார். நிம்மதியோடு கணவரைப் பார்த்தேன். இறங்கி நின்று, ஏற்கெனவே துடைத்த விமானக் கண்ணாடியைத் திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தார். வைகாசியில் தெருவில் பார்த்த அதே முகம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மச்சாள்மேலா, தேசிக்காய்மேலா, என்மேலேயா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

போய்க் குதிக்காலால் ஒன்றை மிதித்தேன். பிறகு மற்றதையும். சாறு சேலைக் கரையெல்லாம் தெறித்தது.

"இப்ப நசுங்கிட்டுது, மச்சாள்." கணவர் பக்கம் திரும்பினேன். "இஞ்சேருங்கோ, கதவைத் திறவுங்கோ."

அவர் துணியைக் கையில் பிடித்தபடி நின்றார். "உண்மையாவோ? நீர் வாறீரோ?"

"ஓம், வாறன். யோசிக்க விட்டால் வரமாட்டன்."

ஓடத் தொடங்கிய சற்றைக்குள் நிலம் விட்டுப்போனது. கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். "ஒருக்கால் கீழை பாரும்" என்றார் அவர். விமானம் வட்டமடித்து, புல்வெளிக்கு மேலே தாழ வந்துகொண்டிருந்தது. கீழே எங்கள் சனம். அத்தனை பேரும் ஊரில் இந்தச் சத்தத்துக்குச் சோற்றுக் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடியவர்கள். இப்போது நிமிர்ந்து நின்று கை காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஓடவில்லை.

"இன்னொருக்கால் தாழப் பதிச்சுக்கொண்டு போங்கோ," என்றேன் அழுதபடி. "நான் திரும்பப் பாக்கோணும்."