திட்டு வாங்காத ஆட்டக்காரன்

போன சனிக்கிழமை என்னை ஒரு கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். செபராங் ஜெயாவில் மகள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். பேத்தி அங்கே ஹாக்கி ஆடுகிறாள். கூட்டத்தின் பொருள் என்ன தெரியுமா? ஆட்டம் சொல்லித்தருகிறவர் ஒரு பிள்ளையை எல்லார் முன்னாலும் பேர் சொல்லித் திட்டலாமா, கூடாதா? இதற்கு ஒரு சாயங்காலம் முழுவதும் போயிற்று. ஒருவர் எழுந்து பிள்ளையின் மனசு என்றார். இன்னொருவர் எழுந்து கட்டொழுங்கு என்றார். மனசுக்காரர் மறுபடி எழுந்தார். திட்டிய வாத்தியாரோ, சின்னப் பையன், மூலையில் குற்றவாளி மாதிரி உட்கார்ந்து கையிலிருந்த கறிபாப் பலகாரத்தைத் தின்னவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் விழித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. வயதாகிவிட்டால் எரிச்சல் சீக்கிரம் வரும் என்று மகள் சொல்வாள். எனக்கு வாலிபத்திலேயே வந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது. வெளியே போய்விடலாம் என்று எழப்போனபோதுதான் பக்கத்து நாற்காலிக்காரர் கால்சட்டையை மேலே சுருட்டி முழங்காலில் தைலம் தேய்க்க ஆரம்பித்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எழ மறந்துவிட்டேன்.

அது மாணிக்கம் கிராணியின் வாசனை. கிராணி என்றால் குமாஸ்தா. அந்தக் காலத்தில் பினாங்கில் பேனா பிடித்தவரையெல்லாம் அப்படித்தான் சொல்வோம். பகலில் ஒரு கிடங்கில் கணக்குப் பார்ப்பார். வேலை விட்டதும் சுங்கை பினாங்கில் ஆற்றை ஒட்டிய புல்வெளிக்கு வந்து எங்களுக்குக் கால்பந்தாட்டம் சொல்லித்தருவார். ஆட்டத்துக்கு முன்னால் எங்களை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவன் முழங்காலிலும் தன் கையாலேயே தைலம் தேய்ப்பார். பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற தாய்க்குக்கூட அவ்வளவு பொறுமை இருக்காது. விசில் ஊதிவிட்டால் அந்தக் கை இடுப்புக்குப் போய்விடும், வாய் திறந்துகொள்ளும்.

என்ன வாய்! ஆற்றுக்கு அக்கரையில் துணி துவைக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். கெட்ட வார்த்தை ஒன்று வராது, அதையும் சொல்லிவிட வேண்டும். மாடு, எருமை, தூங்குமூஞ்சி, சோத்துமூட்டை, உதவாக்கரை. இந்த ஐந்தாறை வைத்துக்கொண்டே ஆட்டம் முடிகிறவரை சமாளித்துவிடுவார்.

அவர் யாரைத் திட்டுவார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எங்கள் குழுவில் வீராசாமி என்று ஒருவன். கோல்கீப்பர். என் வயதுதான், பதினேழோ பதினெட்டோ. கையுறை கிடையாது, காலில் ஒன்றும் கிடையாது. வருகிற பந்தைக் காற்றில் படுத்துப் பிடிப்பான். நான் அவனுக்கு முன்னால் நின்று பந்தைத் தடுக்கிற பேக். என்னைத் தாண்டி வருகிற பந்துதான் அதிகம் என்பதால், அவன் திறமை வெளியே தெரிந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்வேன். அவன் ஒரு பந்தை மூலையில் பாய்ந்து பிடித்து எழுந்திருப்பான், கூட்டம் கை தட்டும், உடனே கிராணியின் குரல் வரும்.

“டேய் வீரா! கையா அது, அகப்பையா? எருமை! உன்ன நிக்கவச்சதுக்கு ரெண்டு சாக்குமூட்டய நிக்கவச்சிருக்கலாம்லா!”

எங்களுக்கு இது புரியும். வெளியாளுக்குப் புரியாது. ஊர் பார்க்கிற இடத்தில் ஒருவனைப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும். கண் பட்டால் கால் ஒடியும், காய்ச்சல் வரும், பந்து கையிலிருந்து நழுவும். அதனால் யார் நன்றாக ஆடுகிறானோ அவனைத் திட்டு. எவ்வளவு கூட்டம் இருக்கிறதோ அவ்வளவு சத்தமாகத் திட்டு. இதுதான் கிராணியின் கணக்கு. குழந்தை அழகாக இருந்தால் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்பதில்லையா? அவர் வாயால் வைத்தார், அவ்வளவுதான்.

வீராவின் அம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும். “இன்னிக்கு என் மவன எத்தன தடவ எருமைன்னாரு?” என்று எங்களிடம் விசாரிப்பார். நிறைய என்றால் முகம் மலர்ந்துவிடும். அப்படியும் விடமாட்டார், உப்பும் மிளகாயும் எடுத்து அவனுக்குச் சுற்றிப் போடுவார்.

என் சங்கதிக்கு வருகிறேன். என்னை அவர் திட்டியதே இல்லை. ஒருமுறைகூட இல்லை. நான் பந்தை விட்டாலும், தடுக்கி விழுந்தாலும், எதிராளிக்கே பந்தைக் கொடுத்தாலும், தோளில் தட்டி, “பரவால்ல தம்பி, பரவால்ல” என்பார். இந்தப் பரவால்லையைக் கேட்டுக்கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரியும். வீட்டுக்குப் போனால் அம்மா ஒரு பக்கம்.

“ஏண்டா, ஒன்ன மட்டும் அவரு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாரு? நீ ஆடுறியா, இல்ல சும்மா நிக்கிறியா?”

ஒரு தடவை வேண்டுமென்றே உயிரைக் கொடுத்து ஓடி, கோட்டுக்கு முன்னால் ஒரு பந்தைத் தலையால் முட்டி வெளியே தள்ளினேன். நெற்றி புடைத்துவிட்டது. இன்றைக்காவது ஒரு மாடு, ஒரு எருமை கிடைக்கும் என்று அவரையே பார்த்தேன். அவர் வீராவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது என் நெற்றியில் தைலம் தேய்த்து, பரவால்ல என்றார்.

இதெல்லாம் சிரிப்பாகப் போயிருக்க வேண்டியது. அந்த நேரம் பார்த்து ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். வீராவின் அப்பா பத்து காவான் தோட்டத்தில் வேலை செய்தவர். அங்கே நிறுத்திவிட்டார்கள் என்று குடும்பத்தோடு சுங்கை பினாங்குக்கு வந்து, சாலை வேலை, படகு வேலை என்று அலைந்தார். அதுவும் ஓய்ந்தது. வேலை இல்லாதவர்களை அரசாங்கமே கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். அவரும் கப்பலுக்குப் பேர் கொடுத்துவிட்டார். வீரா இங்கே பிறந்தவன். எந்த ஊருக்குப் போகப்போகிறோம் என்று கேட்டால் அவனுக்கு அந்த ஊரின் பேர் ஒன்றைத் தவிர வேறெதுவும் தெரியாது.

அப்போதுதான் துறைமுகத்துப் பக்கம் ஓர் இலாகாவில் ஒரு பையனை எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அன்றைக்கு அப்படித்தான், நீங்கள் நம்பமாட்டீர்கள். இலாகாக்களுக்குள் பந்தாட்டப் போட்டி நடக்கும். நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை கொடுத்துத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். படிப்பைப் பிறகு கேட்பார்கள், காலை முதலில் பார்ப்பார்கள். அந்த இலாகாவின் துரையே ஆட்டம் பார்க்க வருகிறார் என்றதும் எங்கள் எல்லாருக்கும் ஒரே நினைப்பு, இது வீராவுக்கு என்று. அவனுக்கு அந்த வேலை கிடைத்தால் குடும்பம் இங்கேயே இருந்துவிடலாம். அவன் அப்பாவும் கப்பலுக்குக் கொடுத்த பேரைத் திரும்ப வாங்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

ஆட்டம் கடற்கரைத் திடலில் நடந்தது. துரை ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், தொப்பியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு. கிராணி அவருக்குப் பத்தடி தள்ளி நின்றார். தைலம் தேய்க்கும்போதே நான் சொன்னேன்.

“அண்ணே, இன்னிக்கு ஒரு நாளு வீராவத் திட்டாதீங்கண்ணே. தொர பாக்குறாரு.”

“போடா, பாக்குறதுனாலதான் திட்டணும். எவ்வளவு கண்ணுடா இன்னிக்கு! தொரைக்கு என்ன தமிழா தெரியப் போவுது?”

வீரா அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை நான் பிறகு எந்தத் திடலிலும் பார்க்கவில்லை. ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. கிராணிக்குப் பயம் அதிகமாகிவிட்டது. தொண்டை கிழியத் திட்டினார். “எதுக்குடா நீ வந்த! ஒண்ணுத்துக்கும் ஆவாதவனே! இவன நம்பி ஒரு வேல குடுக்க முடியுமா!” வேலை என்ற வார்த்தையைக்கூட விட்டுவைக்கவில்லை அந்த மனிதர். வேலைக்கும் கண் பட்டுவிடக்கூடாதல்லவா!

ஆட்டம் முடிந்தது. துரை எழுந்து எங்களிடம் வந்தார். கிராணி சலாம் போட்டார். துரை வாயைத் திறந்தார்.

“ஐயா, உமது ஆட்டக்காரர்கள் மிக நன்றாக விளையாடினார்கள்.”

நல்ல தமிழ். புத்தகத் தமிழ். இங்கே வந்த துரைமாரில் சிலர் முன்ஷி வைத்துப் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவர்கள் என்பது எங்களுக்கு மறந்தே போய்விட்டது. கிராணியின் முகத்தில் ரத்தம் இல்லை.

“பந்து காக்கும் இளைஞனைக் குறித்து நீர் கூறிய யாவற்றையும் கேட்டேன்” என்றார் துரை. “அவன் மிகவும் நன்றாக விளையாடியதாக எனக்குத் தோன்றியது. ஆயினும் ஒரு நாள் ஆட்டம் எவனுக்கும் அமையக்கூடும். அவனை நாள்தோறும் பார்ப்பவர் நீர். உமது வார்த்தையையே நான் மதிக்கிறேன்.”

“ஐயோ தொரை, அது வந்து… அவன்தான் தொரை இருக்கிறதிலேயே கெட்டிக்காரன்! சிங்கம் தொரை!”

“சற்று முன் எருமை என்றீர்.”

துரை கிண்டலாகச் சொல்லவில்லை. அந்த மனிதருக்குக் கிண்டல் வராது. கிராணி கண் படுவதைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். சொல்லச்சொல்ல, பையன்மேல் இரக்கப்பட்டு ஒருவர் கதை கட்டுவது போலவே இருந்தது. நான் குறுக்கே புகுந்து, நல்லா ஆடுறவனத்தான் தொரை இவரு திட்டுவாரு என்றேன். அவர் என்னை அன்போடு பார்த்து, “உன் நட்பு போற்றத்தக்கது” என்றார். பிறகு கிராணியிடம் திரும்பி, “இவனை நீர் ஒரு முறையும் கண்டிக்கவில்லை. இவன் எனக்குப் போதும்” என்றார்.

இப்படி ஒரு நியாயமான ஆளிடம் என்ன செய்வீர்கள்? கோபப்படக்கூட இடம் இல்லை. அவர் பார்த்ததை அவர் நம்பவில்லை, தெரிந்தவர் சொன்னதை நம்பினார். எவ்வளவு யோசித்தாலும் அதில் தப்புக் கண்டுபிடிக்க முடிவதில்லை, அதுதான் எரிச்சல்.

நான் போகமாட்டேன் என்றேன். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதும் அப்போது சந்தேகமாக இருந்தது. வீராவிடம் போய்ச் சொன்னேன்.

“நீ விட்டா வேற எவனோ போவான்” என்றான் அவன். “என் எடத்துல எவனோ ஒருத்தன் நிக்கிறதுக்கு நீ நில்லுடா. பந்து வந்தா மட்டும் ஓடிராத.”

அவர்கள் போகவேண்டிய கப்பல் கரைக்குத் தள்ளிக் கடலில் நின்றது. கரையிலிருந்து தொங்கான் என்கிற சரக்குப் படகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். பெட்டி, பாய், பானை, பிள்ளைகள் என்று ஒரே நெரிசல். நாங்கள் குழுவோடு போயிருந்தோம். கிராணி எங்களுக்குப் பின்னால் நின்றார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. தொங்கான் கட்டவிழ்ந்து கொஞ்சம் தள்ளிப் போனதும் வீரா கூட்டத்தில் எழுந்து நின்று கத்தினான்.

“அண்ணே! ஒரு தடவ திட்டுங்கண்ணே!”

கிராணி முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். மாடு, எருமை, எது வந்திருந்தாலும் நாங்கள் எல்லாரும் சிரித்திருப்போம், அவனும் சிரித்திருப்பான். அவருக்கு வரவில்லை. கரையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, உடைந்த குரலில், “நல்லா ஆடுனடா வீரா! ஒன்ன மாதிரி ஒருத்தன நான் பாத்ததே இல்லடா!” என்றார்.

வீராவின் அம்மா பதறிப்போய் இரண்டு கையாலும் அவன் முகத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். அவன் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

கிராணி அதன் பிறகு திட்டுவதை விட்டுவிட்டார். ஆளுக்கு ஒரு பரவால்லை சொல்லிக்கொண்டிருந்தார். பரவால்லைக்காக யார் வெயிலில் ஓடுவார்கள்? ஒருவர் பின் ஒருவராகப் பையன்கள் வராமல் நின்றுவிட்டார்கள், குழு கலைந்தது. நான் அந்த இலாகாவில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். துரை என்னைக் கோலிலும் நிறுத்திப் பார்த்தார், பிறகு மைதானத்துக்குப் பக்கமே கூப்பிடவில்லை. ஆனால் வேலையை விட்டு நீக்கவில்லை, நியாயமான ஆள்தானே.

கூட்டத்தில் என் பக்கமும் வந்தார்கள். “தாத்தா, நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார்கள். “திட்டுங்க, இல்ல திட்டாம இருங்க, எனக்குத் தெரியல. ஆனா கெட்டிக்காரன் யாருன்னு ஒரே ஒரு ஆளுகிட்டயாச்சும் முன்கூட்டியே சொல்லி வைங்க” என்றேன். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மனசுக்கும் கட்டொழுங்குக்கும் திரும்பிப் போனார்கள். கடைசியில் திட்டக்கூடாது என்று முடிவாயிற்று. அந்த வாத்தியார்ப் பையன் கறிபாப்பைத் தின்று முடித்தான்.

சுங்கை பினாங்கின் அந்தப் புல்வெளியில் இப்போது அடுக்குமாடி வீடுகள். துணி துவைக்கிறவர்களும் இல்லை, நின்று கேட்க ஒரு குரலும் இல்லை. கிராணி ஜப்பான்காரன் சண்டைக்கு முந்தியே கண்ணை மூடிவிட்டார். என்னைப் பார்த்துப் பரவால்ல தம்பி என்று சொல்லக்கூட ஊரில் இனி ஆள் கிடையாது. வீரா இந்தியாவில் கரை இறங்கிய சேதி மட்டும் யார் வழியாகவோ வந்தது. அங்கே அவனைத் திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.